அணைச் சுவருக்கு டிஎம்சி தெரியாது

டெல்டாவுக்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் அணை எத்தனை அடி என்பதே சேலம், நாமக்கல் பக்கத்து டீக்கடைப் பேச்சு. நாளிதழில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே டிஎம்சி (நூறு கோடி கன அடி) கணக்கும் அச்சாகியிருக்கும். டெல்டா விவசாயிக்கு அந்த இரண்டாவது எண்தான் உயிர். 1934-இல் கட்டி முடித்த அணைச் சுவருக்கோ முதல் எண்ணே போதும்.

ஒரு கன அடி தண்ணீரின் எடை ஏறக்குறைய 28.3 கிலோ. அணை நிரம்பி 120 அடி நிற்கும்போது, அளவுகோலின் பூஜ்ஜியத்துக்கு நேரே உள்ள சுவரில் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 3.4 டன் தள்ளுகிறது. 120-ஐ 28.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சி இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. ராசிபுரம் பக்கத்துக் கிணறு ஒன்றில் 120 அடி தண்ணீர் நின்றால், அதன் அடியிலும் இதே 3.4 டன்தான்.

மனம் ஒப்பாது. அணைக்குப் பின்னால் பண்ணவாடி வரைக்கும் பரந்து கிடக்கும் தண்ணீரெல்லாம் சேர்ந்து சுவரை நெட்டித் தள்ளாதா? தள்ளாது. பண்ணவாடித் தண்ணீரின் பாரத்தைப் பண்ணவாடி நிலமே சுமக்கிறது. நீர் வற்றினால் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுமே, அதே நிலம்தான். அசையாமல் நிற்கும் நீரில் ஒரே மட்டத்தில் எங்கும் ஒரே அழுத்தம். அந்த மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு.

ஆழம் இரட்டித்தால் அடியில் அழுத்தம் இரட்டிக்கும். நனையும் சுவரும் இரட்டிக்கும். ஆக மொத்தத் தள்ளு விசை நான்கு மடங்கு. மேட்டூர் தன் எடையாலேயே தாக்குப்பிடிக்கும் வகை அணை. அதனால்தான் அடியில் அவ்வளவு அகலம், உச்சியில் ஒடுக்கம்.

மின்சாரத்துக்கு மட்டும் இரண்டு எண்ணும் வேண்டும். 10,000 லிட்டர் தண்ணீர் 120 அடி இறங்கினால், துளி வீணாகாவிட்டாலும், கிடைப்பது ஒரே ஒரு யூனிட். ஒரு டேங்கர் லாரித் தண்ணீருக்கு இவ்வளவுதானா என்று எனக்கே சப்பென்றிருக்கிறது. கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது என்று ஒரு பழைய பேச்சு உண்டு. எடுத்தது உயரத்தை மட்டும்தான். தண்ணீர் அப்படியே இருக்கிறது. அதே தண்ணீரைச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைக் கதவணைகளில் அடுத்தடுத்துத் தேக்கி, அங்கங்கே கிடைக்கும் சில அடி இறக்கத்தை வைத்து மறுபடி டர்பைன் சுழற்றுகிறார்கள். உயரம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் நிறைய ஓட வேண்டும்.