ஒரு ஆந்தைக்குப் பின்னாடி எத்தனை கைகள்?

இன்னிக்கு ஒரு ஆந்தையைப் பத்திப் பேசலாம். இறகுகள் கதிர் மாதிரி விரியற ஆந்தை. 1960ல் இதை வரைந்தவர் கெனோஜுவாக் அஷேவாக் என்ற இன்யூட் பெண். ஊர், கனடாவின் வடக்குப் பகுதியில் இருக்கிற கேப் டார்செட். இப்போ கிங்கைட்னு பேர். 1970ல் இந்த ஆந்தை தபால்தலையாவே வந்துடுச்சு.

ஆனா கெனோஜுவாக் வரைஞ்சது பேப்பர்ல. அந்தக் கோடுகளைத் தட்டையான கல்லுக்கு மாத்தி, வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுக்க வேற ஆள். மேடா நிற்கிற பாகத்துல மை தடவி, மேல மெல்லிய தாளை வெச்சு, கையாலேயே தேய்ச்சு எடுக்கணும். பெரும்பாலும் ஐம்பது பிரதிதான்.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் ஹூஸ்டன் 1958ல் ஜப்பான் போய், உனிச்சி ஹிராட்சுகாவிடம் அச்சுக்கலை கற்றார். வரையறது, செதுக்கறது, அச்சடிக்கறது மூணையும் ஒரே ஆள் செய்யணும்ங்கிற மரபு ஹிராட்சுகாவோடது. கேப் டார்செட்காரங்களோ வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. கனாங்கினாக் பூட்டூகூக், அயோலா கிங்வாட்சியாக் மாதிரி ஆட்கள் கல்லையும் மையையும் பார்த்துக்கிட்டாங்க.

எங்க வேலையிலயும் இதே கதைதான். கோட்ல யார் எந்த வரியை எழுதினாங்கன்னு பதிவு இருக்கும். வெளியே தெரியறது ஒரே பேர். இங்கேயும் உலகத்துக்குத் தெரிஞ்சது கெனோஜுவாக்தான். ஆனா பழைய அச்சுகள் பலவற்றில் வரைந்தவர் பேரோட செதுக்கியவர் பேரும் இன்யூட் எழுத்துல முத்திரையா இருக்கும்.

அதனால, இன்யூட் அச்சு ஒண்ணைப் பார்த்தீங்கன்னா, அதோட ஓரத்தையும் கொஞ்சம் பாருங்க.