தாடிக்கு ஓகே சொன்ன பிரிட்டிஷ் ராணுவம்... ரூல்ஸ் என்ன? ஏன் இந்த மாற்றம்?

பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் 2024 மார்ச் 29 முதல் தாடி வைத்துக்கொள்ளலாம். அதுவரை மதம், மருத்துவக் காரணம் போன்ற சில விதிவிலக்குகள்தான் இருந்தன. அந்நாட்டு விமானப்படை 2019-லேயே அனுமதித்துவிட்டது.

ஏன் இந்த மாற்றம்?

ஆள் கிடைப்பதில்லை. பல ஆண்டுகளாகவே ஆள்சேர்ப்பு இலக்கை எட்ட முடியவில்லை. மற்ற வேலைகளில் தாடி சகஜமாகிவிட்ட நிலையில், ராணுவமும் இறங்கி வந்தது.

இஷ்டத்துக்கு வளர்க்கலாமா?

முடியாது. நீளம் 2.5 முதல் 25.5 மில்லிமீட்டர் வரைதான். திட்டுத்திட்டாக முளைத்த தாடிக்கு அனுமதி இல்லை. விஷவாயு ஆபத்து இருந்தால் ஷேவ் செய்தே ஆகணும். தாடி இருந்தால் வாயுக் கவசம் முகத்தோடு ஒட்டாது, இடைவெளியில் வாயு புகுந்துவிடும்.

அமெரிக்காவில் என்ன நிலை?

அங்கே நேர்மாறு. ஷேவ் செய்தால் தோலில் கொப்புளம் வரும் பிரச்னை கருப்பின ஆண்களுக்கு அதிகம். ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் விலக்கு தேவைப்பட்டால் வேலையே போகலாம் என 2025-ல் விதி இறுகியது.

இன்னொரு விஷயம்... இதே பிரிட்டிஷ் ராணுவத்தில் 1916 வரை மீசையை மழிக்கக் கூடாது என்பதுதான் ரூல். கவசத்துக்கான விதி உயிரைக் காக்கும். மற்றதெல்லாம் காலத்துக்கேற்ப மாறும் வழக்கம்தான்.