கண்ணில் எதையும் ஊற்றுமுன் கூட்டிவாருங்கள்

பெங்களூரில் பிப்ரவரி கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வந்துவிடுவார்கள். பூந்துகள், தூசி, ஒவ்வாமை. இதற்குப் பாதுகாப்பான மருந்து உண்டு. என்னைப் பதறவைப்பது அம்மாக்கள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் சொட்டு மருந்துப் புட்டி.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

போன வருஷத்துச் சீட்டைக் காட்டி வாங்கியது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்டது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும். பிறகு கண் சிவக்கும்போதெல்லாம் அதே புட்டிதான். அதில் இருப்பது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலிக்காது. பார்வை நரம்பு கெட்டபின் போன பார்வையை எந்த அறுவை சிகிச்சையாலும் மீட்க முடியாது. வீட்டிலிருக்கும் புட்டியைத் திருப்பிப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

2023 ஜூலையில் மெட்ராஸ் ஐ ஊரெல்லாம் பரவியதே, அதுபோன்ற வைரஸ் தொற்று பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதற்குள் தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு! இவற்றோடு போகும் கிருமி கருவிழியில் புண்ணாக்கித் தழும்பை விட்டுவிடும். எத்தனை முறை சொல்வது?

அதிர்ஷ்டமும் கேரட்டும்

மாறுகண் அதிர்ஷ்டம் என்று இன்னமும் சொல்கிறார்கள். நாலு மாதம் தாண்டியும் கண் விலகினால் காட்டியாக வேண்டும். விலகிய கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்கத் தொடங்கும். ஏழெட்டு வயதுக்குமேல் அந்தப் பார்வையை மீட்பது மிகவும் கடினம். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பாட்டி சொன்னதை நம்பி, மூன்று வயதில் வரவேண்டிய குழந்தையைப் பத்து வயதில் கூட்டிவருகிறார்கள்.

மாறுகண் இல்லாமலும் ஒரு கண் மங்கலாக இருக்கலாம். பிறந்ததிலிருந்தே அப்படியென்றால் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பொம்மையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால் தாமதிக்காதீர்கள். ஃபிளாஷ் போட்ட போட்டோவில் கண் பாப்பா வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே ஓடிவாருங்கள். அது கண் புற்றாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கண்ணாடி போட்டால் பவர் ஏறாது. கேரட் தின்றால் இறங்காது. "பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று மறுப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பரிசோதனை

எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் பவர் பார்க்கலாம், வலிக்காது.

கெஞ்சிக் கேட்கிறேன்

தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொல்கிறார்கள், கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடத்தான். நம் ஊர் வெயில் அதற்குத் தோதானது. அபார்ட்மென்ட் வாசலிலாவது விளையாட விடுங்கள். சோறூட்டப் போனைக் கொடுக்காதீர்கள்.

34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆகவேண்டும். நாராயண நேத்ராலயாவின் கிட்ராப் திட்டத்தில் 2008 முதல் கர்நாடகத்தின் சிற்றூர் மருத்துவமனைகளுக்கே ஆட்கள் போய்ப் படமெடுக்கிறார்கள்; பெங்களூர் டாக்டர்கள் இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறார்கள். தீட்டு கழியட்டும், நல்ல நாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இல்லாவிட்டால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.