பெண்வழி வந்த பட்டறை

1907 அக்டோபர் 29 அன்று சிகாகோவில் சார்லஸ் டியர் காலமானார். அமெரிக்காவின் பெரிய கலப்பைக் கம்பெனிகளில் ஒன்றை 49 ஆண்டுகள் கட்டி மேய்த்தவர். அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவர் ஆனாவின் மகன்கள் இருவரும் அப்போது சிறுவர்கள். இளையவர் கேத்தரினுக்குக் குழந்தைகள் இல்லை. 'டியர்' என்ற பெயரோடு அடுத்த நாற்காலியில் உட்கார மகன் என்று ஒருவரும் இல்லை.

அப்படியிருந்தும் அதன் பிறகு 75 ஆண்டுகள் அந்தக் கம்பெனி குடும்பத்தின் கையைவிட்டுப் போகவில்லை. பச்சையும் மஞ்சளுமாக நம்மூர் வயல்களிலும் ஓடுகிற ஜான் டியர் டிராக்டரின் பின்னால் இருப்பது ஒரு கொல்லரின் குடும்பக் கதை. அந்தக் கதையில் பெரும் பங்கு மகள்களுக்கும் அவர்கள் கைப்பிடித்த மாப்பிள்ளைகளுக்கும் உரியது.

ஜான் டியர் பிறந்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்ட் ஊரில், 1804 பிப்ரவரி 7 அன்று. தந்தை வில்லியம் தையல்காரர். ஜானுக்கு நான்கு வயதானபோது இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் திரும்பி வரவே இல்லை. தாய் சாரா தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். பதினேழு வயதில் ஜான், மிடில்பரி ஊரில் பெஞ்சமின் லாரன்ஸ் என்ற கொல்லரிடம் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். துருத்தி ஊதுவதில் தொடங்கி, லாடம் அடிப்பது, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது, மண்வெட்டி, வைக்கோல் அள்ளும் கவைக்கோல் வடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றார். அவர் செய்த கவைக்கோலின் பற்கள் வழவழப்பாகவும் வைக்கோல் சிக்காமலும் இருந்ததால் நல்ல பெயர் கிடைத்தது. இரும்பைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் அந்தக் கைப்பழக்கம்தான் பின்னால் அவர் வாழ்க்கையை மாற்றியது.

1827-இல் டெமேரியஸ் லாம்ப் என்ற பெண்ணை மணந்தார். பட்டறை வைத்தார். அது எரிந்துபோனது. மறுபடி கட்டினார். அதுவும் எரிந்தது. கடன் சேர்ந்தது. 1836-இல் கர்ப்பிணி மனைவியையும் நான்கு குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டு, கையில் எழுபத்துச் சொச்சம் டாலரோடும் சில கருவிகளோடும் மேற்கே கிளம்பினார்.

போய்ச் சேர்ந்த இடம் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ராக் ஆற்றங்கரையில் இருந்த கிராண்ட் டிடூர் என்ற சிற்றூர். அதை நிறுவிய லெனார்ட் ஆண்ட்ரஸும் வெர்மான்ட்காரர்தான். புது ஊர், கொல்லர் இல்லாத ஊர். ஆண்ட்ரஸின் மரம் அறுக்கும் ஆலையில் தண்டு உடைந்து வேலை நின்றிருந்தது. வந்த இரண்டாம் நாளே டியர் உலை மூட்டி அதைச் சரிசெய்து கொடுத்தார் என்கிறது கம்பெனி சொல்லும் வரலாறு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. அந்த நிலம் ஆளில்லாமல் கிடந்த நிலம் இல்லை. சாக், மெஸ்க்வாக்கி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்தார்கள். ராக் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த சாக்கெனுக் அவர்களுடைய பேரூர். 1832-இல் பிளாக் ஹாக் என்ற தலைவரின் கீழ் அவர்கள் ஊருக்குத் திரும்பிவர முயன்றபோது படை கொண்டு அடித்து விரட்டப்பட்டார்கள். டியர் அங்கே போனது அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து. அவருடைய கலப்பை வாங்கியவர்கள் உழுதது அந்த மண்ணைத்தான்.

அந்த மண் வந்தவர்களைப் படாத பாடு படுத்தியது. கிழக்கு மாநிலங்களின் மணற்பாங்கான நிலத்துக்கென்று வார்ப்பு இரும்பில் செய்த கலப்பைகளை அவர்கள் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். புல்வெளியின் கரிய மண்ணோ களிபோல ஒட்டியது. நாலு எட்டு போவதற்குள் கலப்பையின் இறக்கையில் மண் அப்பிக்கொள்ளும். மாட்டை நிறுத்தி, மரக்கட்டையால் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். நாள் முழுக்க இதே பாடு. நிலத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

1837-இல் டியர் ஆண்ட்ரஸின் ஆலையில் உடைந்து கிடந்த ரம்பத் தகடு ஒன்றைக் கண்டார். தேய்ந்து தேய்ந்து கண்ணாடிபோல மின்னிய எஃகு. அதை எடுத்துவந்து பல்லை உளியால் வெட்டி நீக்கி, மண்ணைக் கிழிக்கும் கொழுவுக்குப் பயன்படுத்தினார். மண்ணைப் புரட்டும் இறக்கையை ஒரே தகட்டில் சாய்சதுரமாக வெட்டி, காய்ச்சி வளைத்து, மெருகேற்றினார். ஓட்டிப் பார்த்தபோது மண் ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு புரண்டு விழுந்தது.

எஃகுக் கலப்பையைக் கண்டுபிடித்தவர் ஜான் டியர் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வது முழு உண்மை ஆகாது. அதே இல்லினாய்ஸில் ஜான் லேன் என்ற கொல்லர் 1833-லேயே ரம்பத் தகட்டைக் கொண்டு கலப்பை செய்திருந்தார். 1838-இல் டியர் செய்து விற்ற கலப்பை ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் எட்வர்ட் கெண்டல் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, டியரின் தொடக்ககாலக் கலப்பைகளில் கொழு மட்டுமே எஃகு, இறக்கை பெரும்பாலும் தேனிரும்பு என்று காட்டியது. மண் ஒட்டாமல் விழுந்ததற்குக் காரணம் இறக்கையின் வளைவும் மெருகும். எனக்கு இது டியரின் பெருமையைக் குறைப்பதாகப் படவில்லை. கவைக்கோலுக்கு மெருகேற்றிப் பழகிய கை என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருக்கிறது.

அவருடைய பட்டறை நின்ற இடம்கூடக் காலப்போக்கில் மறந்துபோயிருந்தது. 1962-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் தோண்டி, உலை இருந்த இடத்தையும் இரும்புத் துண்டுகளையும் கண்டெடுத்தார்கள். இப்போது அந்தக் குழியின் மேலேயே கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

கலப்பை வேலை சூடுபிடித்த பிறகுதான் டெமேரியஸ் வந்து சேர்ந்தார். ஐந்து குழந்தைகளோடு, வாரக்கணக்கில் வண்டிப் பயணம். ஐந்தாவது குழந்தை சார்லஸ் 1837 மார்ச்சில் வெர்மான்டில் பிறந்தவன். அப்பா அதுவரை முகம்கூடப் பார்க்காத பிள்ளை. வெர்மான்டிலிருந்து இவ்வளவு தூரம் நான் சுமந்து வந்தேன், இனி கொஞ்சம் நீங்கள் சுமங்கள் என்று குழந்தையைக் கணவர் கையில் கொடுத்தாராம் டெமேரியஸ். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. கணவர் இல்லாமல் பிரசவித்து, நான்கு பிள்ளைகளையும் கட்டிக் காத்த ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் அதில் வியப்பில்லை.

1848-இல் டியர் தொழிலை மிசிசிப்பிக் கரையில் உள்ள மொலீன் நகருக்கு மாற்றினார். ஆற்று நீரின் விசையால் இயந்திரம் ஓட்டலாம், படகில் சரக்கு அனுப்பலாம். அடுத்த ஆண்டே சுமார் 16 ஆட்களை வைத்துக்கொண்டு 2,136 கலப்பைகள் செய்தார். ஆனால் மொலீனுக்கு மாறிய அதே 1848-இல் மூத்த மகன் ஆல்பர்ட் இளவயதிலேயே இறந்துபோனான். இன்னொரு மகன் அதற்கு முன்பே குழந்தைப் பருவத்தில் போய்விட்டான். ஒன்பது பிள்ளைகள் பிறந்த அந்த வீட்டில் ஆண் வாரிசாக எஞ்சியது சார்லஸ் ஒருவர்தான்.

சார்லஸ் சம்மட்டி பிடித்தவர் இல்லை. சிகாகோவில் வணிகக் கல்லூரியில் கணக்கெழுதப் படித்தவர். 1857-இல் அமெரிக்காவையே உலுக்கிய நிதி நெருக்கடியில் கம்பெனி ஆட்டம் கண்டது. கடன்காரர்கள் கையில் சிக்காமலிருக்க உரிமைகள் குடும்பத்துக்குள்ளேயே கைமாறின. 1858-இல், 21 வயதில், சார்லஸ் பொறுப்பை ஏற்றார்.

மாப்பிள்ளைகள் உள்ளே வந்தது இங்கேதான். ஜான் டியரின் மகள்களில் ஜீனெட்டின் கணவர் ஜேம்ஸ் சாப்மன் பத்திரங்களையும் சட்ட விவகாரங்களையும் பார்த்துக்கொண்டார். எம்மாவின் கணவர் ஸ்டீபன் வெலி கணக்கையும் பணத்தையும் கையில் வைத்திருந்தார். இன்னொரு மகள் எலனின் மகன் சார்லஸ் டியர் வெபர், மினியாபோலிஸ் நகரில் கிளையை வளர்த்து அந்த வட்டாரத்தையே பிடித்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம் பக்கத்தில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். மொலீனில் கம்பெனியைத் தாங்கிய தூண்களில் அவர்களும் உண்டு. 1868-இல் 'டியர் அண்ட் கம்பெனி' முறைப்படி பதிவானது.

ஜான் டியரின் கடைசிக் காலம் ஊர்ப்பணியில் கழிந்தது. 1873 முதல் இரண்டு ஆண்டுகள் மொலீன் மேயராக இருந்து, திறந்த சாக்கடைகளுக்குப் பதில் குழாய் பதித்தார், பூங்காவுக்கு நிலம் வாங்கினார். 1865-இல் டெமேரியஸ் இறந்தபின் அவருடைய தங்கை லூசீனியாவை மணந்திருந்தார். 1886 மே 17 அன்று மறைந்தார்.

சார்லஸ் போனபின் 1907-இல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் கேத்தரினின் கணவர் வில்லியம் பட்டர்வொர்த். வழக்கறிஞர், எதிலும் நிதானம். 1911-இல் பல கருவிக் கம்பெனிகளை ஒன்றாக இணைத்தவர் இவரே. ஆனால் டிராக்டர் என்றால் அவருக்குத் தயக்கம், அதில் பணத்தைக் கொட்ட விருப்பமில்லை. எதிர்த்தரப்பில் நின்றவர் எம்மாவின் மகன் வில்லார்ட் வெலி. சொந்தமாக மொலீனில் கார் தயாரித்துக்கொண்டிருந்த பேரன். செய்தால் முழுமூச்சாகச் செய்யுங்கள், இல்லையென்றால் டிராக்டர் பேச்சையே விட்டுவிடுங்கள் என்று இயக்குநர்களிடம் வற்புறுத்தினார். 1918-இல் வாட்டர்லூ ஊரிலிருந்த டிராக்டர் கம்பெனியை டியர் விலைக்கு வாங்கியது. இன்று புனே அருகே சனஸ்வாடியில் தயாராகும் டிராக்டர் வரைக்கும் அந்த முடிவின் தொடர்ச்சிதான். வெலியின் மனமோ அடுத்து வானத்துக்குத் தாவியது. அவருடைய கம்பெனி சிறு விமானங்களும் செய்தது. 1928-இல் அவர் இறந்தார், கம்பெனியும் அதோடு முடிந்தது.

ஆனாவின் மகன்கள் இருவரும் இரண்டு திசை. இளையவர் டுவைட் டியர் வைமன், நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் பெரிய தயாரிப்பாளராகி, 1930-களின் பேர்பெற்ற இசை நாடகங்கள் சிலவற்றை மேடையேற்றினார். கொல்லரின் கொள்ளுப்பேரன் நாடகக்காரர். மூத்தவர் சார்லஸ் டியர் வைமன் 1928-இல் கம்பெனியின் தலைவரானார். அடுத்த ஆண்டே பங்குச்சந்தை சரிந்தது, உழவர்களின் கையில் பணமில்லை. தவணை கட்ட முடியாதவர்களின் கருவிகளைப் பிடுங்காமல், கட்ட முடிகிறபோது கட்டட்டும் என்று கம்பெனி பொறுத்திருந்தது. அந்த உழவர்களில் பலர் பின்னர் வேறு கம்பெனியின் பக்கம் போகவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பணிக்குப் போன காலம் தவிர, 1955-இல் இறக்கும்வரை தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர்.

அவருக்கும் இரண்டும் பெண்கள்.

மறுபடியும் மாப்பிள்ளை. மகள் பட்ரீசியாவை 1948-இல் மணந்த வில்லியம் ஹியூவிட், சான் பிரான்சிஸ்கோகாரர், 1955-இல் தலைவரானார். அவர் காலத்தில், 1963-இல், உலகிலேயே மிகப் பெரிய வேளாண் கருவி உற்பத்தியாளர் என்ற இடத்தை டியர் எட்டியது. மொலீனில் புதிய தலைமையகம் கட்ட ஈரோ சாரினன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை அழைத்துவந்தவரும் அவர்தான். கலப்பை செய்கிற கம்பெனிக்கு மினுக்கும் கட்டடம் பொருந்தாது என்று, மேலே படியும் துருவே காப்பாக அமையும் ஒருவகை எஃகைச் சாரினன் தேர்ந்தெடுத்தார். 1964-இல் திறந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ஜான், அவர் மகன், மகனின் மருமகன், மகனின் மகள்வழிப் பேரன், அந்தப் பேரனின் மருமகன் என்று 145 ஆண்டுகளைப் பெரும்பாலும் ஐந்து பேரே நடத்தியிருக்கிறார்கள். முதல் இருவரைத் தவிர்த்து எல்லோரும் ஒரு பெண் வழியே வந்தவர்கள். குலமரபுப் பட்டியல்களில் ஆண் பெயரை மட்டும் வரிசையாக எழுதிப் பழகிய கை, இந்தக் குடும்பத்தை 1907-இலேயே முற்றும் போட்டு முடித்துவிடும். மகள்களின் பெயரையும் எழுதினால்தான் மீதி 75 ஆண்டு கண்ணுக்குத் தெரியும். தங்கள் பிள்ளைகளுக்கு நடுப்பெயராக 'டியர்' என்று வைத்து அந்தப் பெயரைக் காப்பாற்றியவர்களும் இந்தப் பெண்கள்தான்.

1982-இல் ஹியூவிட் ஓய்வு பெற்று, ஜமைக்காவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். அடுத்து வந்த ராபர்ட் ஹான்சன், டியர் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத முதல் தலைவர். மொலீனில் சார்லஸ் டியர் வாழ்ந்த மாளிகையும், கேத்தரின் திருமணத்துக்குப் பெற்றோர் கட்டிக்கொடுத்த வீடும் இன்று பட்டர்வொர்த் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பில், பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன.