கொழுகொழுப்பு நலமாகுமா?

கொழுகொழுவென்ற பிள்ளையைக் கண்டு மகிழாத தாய் இல்லை. ஆயினும், இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பெற்றோர் இம்மகிழ்ச்சியைச் சற்று ஆராய்தல் வேண்டும். நம் தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் பலர். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியச் சிசுக்கள் ஆங்கிலேயச் சிசுக்களைவிட எடை குறைந்தவையே. ஆனால், அந்த அளவிற்குக் கொழுப்புக் குறையவில்லை.

இவ்வாறு பிறந்த பிள்ளை பின்னர் விரைந்து பருக்குமாயின், இன்சுலின் செவ்வனே தொழிற்படாமல் போகலாம். இளமையிலேயே நீரிழிவு தோன்ற ஏதுவாகும்.

2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவு நிறத்தால் குறிக்கப்படுகிறது. சிவப்பு மிகுதியைக் காட்டும். வாங்குமுன் அந்நிறத்தைப் பார்ப்போம். சீனித் தேநீரும் கோதுமை மா ரொட்டியும் மட்டுமே உணவாகாமல், பருப்பும் கீரையும் சேர்ப்போம். மாலையில் பிள்ளைகளை ஓடியாட விடுவோம். பெற்றோர் இதனை உளங்கொள்வாராக.