இறுவட்டின் வழுவும் வழுவமைதியும்

ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் எழுதி முடித்தல் ஒரு தொழில். எழுதியதை மூலவேட்டோடு ஒப்புநோக்குதல் மற்றொரு தொழில். ஒப்புநோக்கப்படாத ஏட்டை அறிஞர் எளிதில் நம்பார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே பழைய நூல்களை அச்சேற்றினர் என்பதை மாணவர் அறிவர். பின்வந்த காலத்தில் நாம் ஓலையை விட்டு ஒளியினால் எழுதத் தொடங்கினோம். எழுதும் கருவி வேலை முடிந்ததென்று தட்டை வெளியே தள்ளியவுடன் இறுவட்டை எடுத்து, உறையிலிட்டு, பெயரெழுதி அலுமாரியில் வைத்துவிடுகின்றோம். அது எத்துணை நன்றாக எழுதப்பட்டது என்று அளந்து பார்ப்போர் மிகச் சிலரே. அளக்கும் வழி உண்டு. அது வீட்டுக் கணினியிலேயே கைகூடுவதுமாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 1990களின் இறுதி தொடங்கிப் பல ஆண்டுகள் நம்மவர் தம் நிழற்படங்களையும், மணவிழாக் காட்சிகளையும், பழைய மலர்களின் பக்கங்களையும் இறுவட்டிலேயே சேமித்தனர். மூலப்படங்கள் செல்லரித்தும் இடப்பெயர்வுகளிலே தொலைந்தும் போக, வட்டிலுள்ள படியொன்றே எஞ்சியிருக்கும் வீடுகள் பல. அந்தப் படி இன்று எந்நிலையில் உள்ளது என்பது அற்பமான வினாவன்று.

முதலில் எழுதும் முறையைச் சிறிது நோக்குவாம். வெற்று வட்டினுள்ளே மெல்லிய சாயப்படலம் ஒன்று உண்டு. லேசர்க் கதிர் அச்சாயத்தைச் சுட்டு, ஒளியைக் குறைவாகத் திருப்பும் தழும்புகளை ஒரு சுருள்வரியிலே வரிசையாக உண்டாக்குகின்றது. எரித்தல் என்று இத்தொழிலைக் கூறுவது இதனாலேயே. தழும்பின் நீளமும் இடைவெளியின் நீளமுமே எழுத்தாகும். டி.வி.டி. வட்டில் மிகக் குறுகிய தழும்பின் நீளம் 0.4 மைக்குரோமீற்றர், அடுத்தடுத்த வரிகளுக்கிடையிலான தூரம் 0.74 மைக்குரோமீற்றர். இத்துணை நுண்ணிய தழும்பின் ஓரம் சிறிது முன்பின்னாக விழுந்தாலும் படிக்குங் கருவி மயங்கும். அவ்வாறு ஓரங்கள் தடுமாறுதலை நடுக்கம் என்னலாம். ஆகவே எத்துணை வேகமாக எழுதலாம் என்னும் கேள்வியும், எத்துணைத் திருத்தமாக எழுதலாம் என்னும் கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இனி வேகத்தைக் கவனிப்போம். பெட்டியின்மேல் 52 மடங்கு, 16 மடங்கு என்று அச்சிட்டிருக்கும். எதன் மடங்கு என்பதைப் பலர் கேட்பதில்லை. இறுவட்டுக்கு ஒரு மடங்காவது செக்கனுக்கு 153,600 பைற்று, டி.வி.டி.க்கு ஏறத்தாழ 1,385,000 பைற்று. புளூ-ரே வட்டுக்கு ஏறத்தாழ 45 இலட்சம் பைற்று. ஆதலால் 16 மடங்கு டி.வி.டி. எழுதும் வேகம் 52 மடங்கு இறுவட்டு எழுதும் வேகத்தைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று பங்கு அதிகம். எண்ணை மட்டும் பார்த்து 52 பெரிதென்று வாங்குவோர் ஏமாறுவர்.

அன்றியும், அந்த 16 மடங்கு வட்டு முழுவதற்கும் உரியதன்று. வட்டு ஒரே சீராகச் சுழலும்போது உட்பகுதி மெதுவாகவும் விளிம்பு விரைவாகவும் செல்லும். செக்கு மாட்டின் கால்வழி போலவே. டி.வி.டி. எழுத்து மையத்திலிருந்து 24 மில்லிமீற்றரில் தொடங்கி 58 மில்லிமீற்றர் வரை செல்கின்றது. விளிம்பிலே 16 மடங்கு எனின், தொடக்கத்தில் அதன் 58இல் 24 பங்காகிய 6.6 மடங்கே கிட்டும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் இதனையும் செய்து பார்க்கலாம். 34 மில்லிமீற்றர் அகலத்தில் 0.74 மைக்குரோமீற்றருக்கு ஒரு சுற்றாக ஏறத்தாழ 45,900 சுற்றுகள் அடங்கும். 16 மடங்கில் வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,200 முறை சுழலும். ஆகவே நிறைந்த வட்டொன்றை எழுத ஐந்து நிமிடம் வேண்டும். தொடக்க முடிவு வேலைகளுக்குச் சிறிது நேரம் கூடும். பெட்டியின் எண்ணை அப்படியே நம்பிக் கணக்கிட்டாலோ மூன்றரை நிமிடமே வரும்.

வேகத்தைச் சோதிக்க விரும்புவோர் வட்டு நிறையத் தரவெழுத வேண்டும். பாதி வட்டு எழுதிப் பார்த்தால் விளிம்பின் வேகம் தெரியவராது. நீரோ டிஸ்க் ஸ்பீட் போன்ற மென்பொருள் எழுதும் வேகத்தை வளைகோடாக வரைந்து காட்டும். சீரான சுழற்சியில் அக்கோடு மெல்ல ஏறிச் செல்லும். சில செலுத்திகளிற் படிப்படியாக ஏறும். இடையே திடீரென்று விழுந்து எழுந்தால் காரணந் தேடல் வேண்டும். வன்தட்டு தரவை உரிய வேகத்தில் வழங்காமை ஒரு காரணம். 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் இவ்வாறு தரவு தடைப்பட்டால் வட்டே பாழாகும். அவ்வாண்டிலே சான்யோ நிறுவனம், லேசரை நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடரும் உபாயத்தைக் கொணர்ந்தது. பிறரும் அவ்வாறே செய்தனர். வட்டு தப்பும், ஆயினும் ஒட்டுப்போட்ட இடம் ஒட்டுப்போட்டதே. மற்றொரு காரணம், செலுத்தி தானே எழுத்தின் தரங்குன்றுவதை உணர்ந்து வேகத்தைக் குறைத்தலாம். இது குற்றமன்று, விவேகம். லேசரின் ஆற்றலைத் தாழ்த்தி, எழுதாமலே எழுதுவதுபோல் ஒத்திகை பார்க்கும் வசதி இறுவட்டிலும் டி.வி.டி.-ஆர் வட்டிலும் உண்டு, டி.வி.டி.+ஆர் வட்டில் இல்லை. ஒத்திகையால் வேகம் தெரியுமேயன்றித் தரம் தெரியாது.

இனித் தரம். இலக்கணம் கற்றோர் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவர். வழாநிலை என்பது எந்த வட்டிலும் இல்லை. கடையிலே புதிதாக வாங்கிய வட்டும் வழுவுடையதே. இதனை முன்னுணர்ந்தே, 1982இல் இறுவட்டை விற்பனைக்குக் கொணர்ந்த சோனியும் பிலிப்ஸும் திருத்துதற்குரிய மிகை எண்களையும் தரவோடு சேர்த்தெழுதும் முறையை அமைத்தன. இலக்கணத்தில் வழுவமைதி காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது. இங்கே கணக்குப் பற்றித் திருத்தப்படுவது. வேறுபாடு அவ்வளவே.

டி.வி.டி.யின் திருத்தமுறை ஆசிரியர்க்கு எளிதில் விளங்கும். வகுப்பின் புள்ளிப் பட்டியலை நிரைவழியும் நிரல்வழியும் கூட்டிச் சரிபார்க்கின்றோம் அன்றோ? அதுபோலவே 32,768 பைற்று கொண்ட ஒவ்வொரு தொகுதியும் மிகை எண்களோடு 208 நிரைகளாக அடுக்கப்படுகின்றது. ஒரு நிரையில் ஐந்து பைற்று வரை பிழைத்தால் அந்நிரையே தன்னைத் திருத்திக்கொள்ளும். இவ்வாறு பிழையுற்ற நிரைகளின் தொகையைப் பீ.ஐ. என்பர். நிரைவழித் திருத்தம் தோற்ற நிரைகளின் தொகை பீ.ஐ.எவ். எனப்படும், அவற்றை நிரல்வழித் திருத்தம் மீட்கும். அதுவும் தோற்றால் தரவு போயிற்று. அடுத்தடுத்த எட்டுத் தொகுதிகளிலே பீ.ஐ. 280ஐத் தாண்டலாகாது என்பது நியமம், பீ.ஐ.எவ். ஒரு தொகுதிக்கு 4ஐத் தாண்டாதிருத்தல் நன்று. கெட்டதென்று குறிக்கப்பட்ட 16 நிரைகள் வரை நிரல்வழியே மீட்கலாமாயினும், வரம்பை 4 என்று தாழ்த்தி வைத்தது பின்வரும் கீறலுக்கும் முதுமைக்கும் இடம் விடுதற்கே. இறுவட்டிலே முதற்படி வழுவைச் சீ-1 என்றும், அதனைக் கடந்த வழுவைச் சீ-2 என்றும் வழங்குவர். ஒரு செக்கனுக்குரிய 7,350 சட்டங்களிலே சீ-1 சராசரி 220க்கு மேற்படலாகாது. சீ-2 அறவே இல்லாதிருத்தலே விரும்பத்தக்கது.

இங்கேதான் பெரும்பாலார் மயங்குகின்றனர். எழுதி முடிந்ததும் சரிபார்த்தல் என்னும் தெரிவை அழுத்த, கணினி மூலத்தோடு வட்டை ஒப்பிட்டு, யாவும் சரியென்று கூறுகின்றது. அது பொய்யன்று. ஆனால் அது திருத்திய பின் கிடைத்த விடையைப் பற்றிய கூற்று. 35 புள்ளி பெற்ற மாணவனும் 85 புள்ளி பெற்ற மாணவனும் சித்தியெய்தினர் என்று மட்டும் கூறும் பெறுபேற்றுத்தாள் போன்றது. முன்னவன் அடுத்த தவணையிலே தவறக்கூடும், வட்டும் அவ்வாறே. வெப்பத்தாலும் ஈரத்தாலும் வெளிச்சத்தாலும் சாயம் மெல்ல மெல்லக் கெட, எல்லையருகே நின்ற வட்டு முதலில் விழும். யாழ்ப்பாணத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் வைத்த வட்டின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

திருத்தத்துக்கு முந்திய வழுத்தொகையைக் காட்டும் மென்பொருள்கள் சில உள. நீரோ டிஸ்க் ஸ்பீட், லைற்-ஒன் செலுத்திகளுக்கான கே-புரோப், லினக்ஸ் கணினிக்குரிய கியூ.பீ.எக்ஸ். ரூல் என்பன அவை. எல்லாச் செலுத்திகளும் இத்தொகையை வெளியிடா. வெளியிடுவனவும் ஒரே அளவாகச் சொல்லா. ஒன்று கண்டிப்பான பரீட்சகர், மற்றொன்று இரக்கமுள்ளவர். ஆதலால் ஒரே செலுத்தியில், ஒரே வேகத்தில் அளந்த எண்களையே தம்முள் ஒப்பிடல் வேண்டும். வரைபடத்தில் மொத்தத் தொகையைப் பார்ப்பதினும் வடிவத்தைப் பார்த்தல் மேல். தாழ்ந்து சமமாகச் செல்லும் கோடு நன்று. ஓரிடத்தில் மட்டும் உயர்ந்த கூர்முனை தூசியோ கீறலோ ஆகலாம்; துடைத்து மறுமுறை அளக்க. விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டே போகும் கோடு கவலைக்குரியது. வட்டின் வளைவும், சாயப்பூச்சின் சீரின்மையும், சுழற்சியின் வேகமும் விளிம்பிலேயே ஒன்றுகூடுகின்றன. அரிய பொருளை எழுதுவோர் வட்டின் கடைசிப் பகுதியை வெறுமையாக விடுதல் நன்று.

மெதுவாக எழுதினால் நன்றாக எழுதும் என்பது பரவலான நம்பிக்கை. கையெழுத்துக்கு அது பொருந்தும். வட்டுக்கு முற்றும் பொருந்தாது. ஒவ்வொரு வெற்று வட்டிலும் அதனைச் செய்தவரின் குறியீடு உண்டு. செலுத்தி அதனைப் படித்து, அவ்வட்டுக்கு எவ்வேகத்தில் எவ்வளவு ஆற்றல், எத்தகைய துடிப்பு என்று தன்னிடமுள்ள அட்டவணையில் நோக்கி, உட்புறத்திலே சிறிது எழுதிப் பார்த்துப் பின்னரே தொடங்குகின்றது. 16 மடங்குக்கென ஆக்கிய சாயத்தை மிக மெதுவாகச் சுட்டால் தழும்பு சில வேளை பரந்துபோகும். பெரும்பாலும் நடுவேகமே நல்ல பலன் தரும், அத்தகைய டி.வி.டி.க்கு 8 மடங்கை முதலில் முயலலாம். ஒரே பெட்டியிலுள்ள மூன்று வட்டுக்களில் ஒரே தரவை 4, 8, 16 மடங்குகளில் எழுதி அளந்தால், அச்செலுத்திக்கும் அவ்வட்டுக்கும் ஏற்ற வேகம் அரைநாளில் வெளிப்படும். அடுத்த பெட்டி வாங்கும்போது குறியீட்டை மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வணிகப் பெயரில் வேறு வேறு தொழிற்சாலை வட்டுக்கள் வருவது வழக்கம்.

பழைய வட்டுக்களைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது வேறு. வழு மிகுந்தவற்றை முதலிற் படியெடுத்தல் வேண்டும். நன்றாயுள்ளவை சிறிது காத்திருக்கலாம். ஒவ்வோர் உறையிலும் அளந்த திகதி, செலுத்தியின் பெயர், வேகம், உச்சத்தொகை என்னும் நான்கையும் எழுதி வைத்தால் அடுத்த முறை அளப்பவர் ஏற்றத்தை அறிவர். எழுதும் பேனா வட்டின்மேல் படலாகாது, உறையில் மட்டும். படியெடுத்ததை வன்தட்டிலும் வேறோரிடத்திலும் வைக்க.

சோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-ரே வட்டுக்களின் உற்பத்தியை 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் வட்டுச் செலுத்தியே கிடையாது. ஆகவே பழைய மேசைக்கணினியைக் கழிவுக்குக் கொடுக்குமுன் அதிலுள்ள டி.வி.டி. செலுத்தியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்க. தனி மின்வழங்கியோடு கூடிய யூ.எஸ்.பி. இணைப்பு வடம் ஒன்று வாங்கினால் அது எந்தக் கணினியிலும் வேலை செய்யும். ஆனால் அவ்வடங்களிற் சில வழுத்தொகை கேட்கும் கட்டளையைச் செலுத்திக்குக் கடத்துவதில்லை. வாங்குமுன் செலுத்தியைக் கடைக்கே கொண்டுசென்று பொருத்திப் பார்த்தல் நலம்.