மூச்சும் மனமும்

தேர்வறைக்குள் நுழையும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு குறுகி விரைகிறது. இடர் வந்ததாகக் கருதும் மூளை, பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுவதால் நேரும் மாற்றங்கள் இவை.

இதயத் துடிப்பைக் கட்டளையிட்டுக் குறைக்க இயலாது. மூச்சோ தானாகவும் இயங்கும். நம் விருப்பத்திற்கும் இணங்கும். உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரத்தை நீட்டித்தால், எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் செயற்பட்டுத் துடிப்பைத் தணிக்கிறது. உடல் அமைதியுற, மனமும் அடங்குகிறது.

மூச்சின் இவ்வாற்றலைத் தமிழ்ச் சித்தர்கள் போற்றினர். பன்னிரு திருமுறைகளுள் 10ஆம் திருமுறையாகிய திருமூலரின் திருமந்திரம், தன் 3ஆம் தந்திரத்தில் யோகத்தின் 8 உறுப்புகளையும் விளக்குகிறது. இயமம், நியமம், ஆதனம் ஆகியவற்றை அடுத்து அங்கே வைக்கப்பெற்றுள்ளது பிராணாயாமம் என்னும் மூச்சுப் பயிற்சி.

பயிற்சி எளிது. முதுகு நிமிர்ந்து அமர்க. 4 எண்ணும்வரை மூக்கின்வழி மூச்சை உள்ளிழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல வெளிவிடுக. 5 நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டா; தலை சுற்றினால் நிறுத்துக.

படிக்காத பாடத்தை மூச்சு கற்பிக்காது. படித்தது பதற்றத்தில் மறையாதிருக்கத் துணைபுரியும். அத்துணையும் நாள்தோறும் பழகியவர்க்கே வாய்க்கும். கலக்கம் நாள்கணக்கில் நீடித்தால், ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம்விட்டுப் பேசுவதே முறை.